நாய்க்கு என்னமோ சரியில்ல: அறிகுறிய வெச்சு எங்க பிரச்சினைன்னு பாக்கறது எப்படி

முதல்ல ஒரு வேலை இருக்கு. அத நாய் நல்லா இருக்கிற நாள்லயே முடிச்சிடணும். உடம்பு சரியில்லாத அன்னிக்கு உக்காந்து ஈறு வெளுத்திருக்கா, மூச்சு வேகமா இருக்கான்னு பாத்தா "எப்பவும் இப்படித்தானோ"ன்னு ஒரு சந்தேகம் வரும் பாருங்க, அதுலயே பாதி நேரம் போயிடும். அதனால கீழ சொல்றத இன்னிக்கே ஒரு தடவ பாத்து போன்ல குறிச்சு வெச்சுக்கோங்க.

ஈறு: மேல் உதட்ட லேசா தூக்கிப் பாருங்க, ரோஸ் கலர்ல ஈரமா இருக்கணும். விரலால அமுக்கினா அந்த இடம் வெள்ளையாகி, விரல எடுத்ததும் ரெண்டு விநாடிக்குள்ள பழைய கலருக்கு வந்துடணும். எங்க வீட்ல இருக்கிறது கருப்பி, பேருக்கேத்த மாதிரி ஈறும் கருப்பு, அதுல ஒண்ணும் தெரியாது. அந்த மாதிரி நாய்க்கு கீழ் இமைய மெதுவா இறக்கி உள்பக்கம் இருக்கிற கலர பாத்துக்கோங்க.

மூச்சு: நல்லா தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்கறது ஒரு கணக்கு, ஒரு நிமிஷத்துக்கு எண்ணுங்க. 30க்கு கீழ இருக்கணும். கனவு கண்டு கால ஆட்டிட்டு இருக்கும்போது எண்ணாதீங்க, அப்ப கணக்கு தப்பா வரும்.

காய்ச்சல்: மனுஷ சூட்ட வெச்சு பாக்காதீங்க. நாய்க்கு 101லேருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் நார்மல்தான், செல்சியஸ்ல சொன்னா 38.3லேருந்து 39.2. தொட்டுப் பாத்து "சுடுதே"ன்னு பயப்படறவங்க நிறைய பேர், தொட்டா எப்பவுமே நம்மவிட சூடாத்தான் இருக்கும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் நுனியில கொஞ்சம் வாஸலின் தடவி பின்பக்கமா வெச்சு பாக்கறதுதான் சரியான கணக்கு. மூக்கு ஈரமா இருக்கா காஞ்சிருக்கான்னு பாக்கறத மறந்துடுங்க, தூங்கி எழுந்த நாய்க்கும் மூக்கு காஞ்சுதான் இருக்கும்.

எடை: நாய தூக்கிட்டு மிஷின்ல ஏறுங்க, அப்புறம் நீங்க மட்டும் ஏறுங்க, கழிச்சுக்கோங்க. விலா எலும்ப தடவிப் பாக்கறதுக்கு ஒரு வழி இருக்கு. உங்க கைய தரையில விரிச்சு வெச்சு புறங்கைய தடவுங்க, எலும்பு லேசா தட்டுப்படுதுல்ல, நாயோட விலா அப்படி இருந்தா சரியான எடை. முஷ்டிய மடக்கி முட்டிய தடவற மாதிரி இருந்தா ஒல்லி. உள்ளங்கைய தடவற மாதிரி மெத்துன்னு இருந்தா குண்டு, பிஸ்கட்ட நிறுத்துங்க.

இதுல எது இருந்தாலும் மேல படிக்காம கிளம்புங்க

வயிறு டிரம் மாதிரி உப்பி, வாந்தி எடுக்க ட்ரை பண்ணுது ஆனா ஒண்ணும் வரல, எச்சி மட்டும் ஒழுகுது, ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. இது வயிறு முறுக்கிக்கிட்டதா இருக்கலாம், ஆழமான நெஞ்சு இருக்கிற பெரிய சாதி நாய்ங்களுக்கு அதிகமா வரும், சில மணி நேரத்துல உயிர் போயிடும், காலைல பாக்கலாம்ங்கிற பேச்சே கிடையாது. ஈறு வெள்ளையாவோ நீலமாவோ ஆயிடுச்சு. மூச்சு விட கஷ்டப்படுது. ஆண் நாய் கால தூக்கி தூக்கி நிக்குது, சொட்டு கூட வரல. வலிப்பு அஞ்சு நிமிஷத்த தாண்டிடுச்சு. விஷமோ மாத்திரையோ தின்னத கண்ணால பாத்துட்டீங்க. இது எல்லாத்துக்கும் வழியிலயே டாக்டருக்கு போன் பண்ணி வர்றோம்னு சொல்லிடுங்க, அவங்க அதுக்குள்ள ரெடி பண்ணி வெப்பாங்க.

சாப்பிட மாட்டேங்குது

ஒரு வேளை சாப்பிடல, ஆனா விளையாடுது, தண்ணி குடிக்குது, வால் ஆட்டுதுன்னா விட்டுடுங்க, வெயில் நாள்ல நாய்ங்க தானா குறைச்சுக்கும். பெரிய நாய் முழுசா ஒரு நாள் சாப்பிடலன்னா கூப்பிட்டுட்டு போங்க, குட்டின்னா அவ்ளோ நேரம்கூட தாங்காது, ரத்தத்துல சர்க்கரை சீக்கிரம் இறங்கிடும்.

இங்க ஒண்ணு கவனிங்க, சாப்பிட மனசில்லையா, இல்ல சாப்பிட முடியலயா? தட்டுகிட்ட ஓடி வருது, மோந்து பாக்குது, ஒரு வாய் எடுத்துட்டு கீழ போட்டுடுதுன்னா பசி இருக்கு, வாயில ஏதோ வலிக்குது. பல்லுக்கு குறுக்க மேல் அண்ணத்துல ஒரு குச்சித்துண்டு சிக்கி நாலு நாள் இருந்த கேஸ் எல்லாம் உண்டு. தட்ட பாத்து தலைய திருப்பிக்கிட்டா அது குமட்டல், உதட்ட நக்கிக்கிட்டே இருக்கும், பிரச்சினை வயித்துல. இன்னும் சில நேரம் ஒண்ணுமே இருக்காது, நாமதான் நாள் பூரா டீபாய் ஓரத்துலேருந்து எதையாவது குடுத்து வயித்த ரொப்பியிருப்போம்.

வாந்தி

வாந்தியா, எதுக்களிச்சதா? வயிறு எக்கி எக்கி, சத்தம் போட்டு வந்தா வாந்தி. ஒரு முயற்சியும் இல்லாம குனிஞ்சதும் சாப்பாடு குழாய் மாதிரி அப்படியே வந்து விழுந்தா அது உணவுக்குழாய் விஷயம், அவசரமா முழுங்கினா வரும். அடிக்கடி வந்தா டாக்டர்கிட்ட இந்த வித்தியாசத்த சொல்லுங்க, ரெண்டுக்கும் பாக்கற டெஸ்ட்டே வேற.

காலைல வெறும் வயித்துல மஞ்சளா நுரை மட்டும் எடுக்குது, அப்புறம் ஜாலியா இருக்குதுன்னா ராத்திரி சாப்பாட்டுக்கும் காலை சாப்பாட்டுக்கும் நடுவுல ரொம்ப நேரம் விட்டிருப்பீங்க, படுக்கப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் குடுத்தா பெரும்பாலும் நின்னுடும். புல்ல தின்னு வாந்தி எடுக்கறதும் எப்பவாவதுன்னா கவலைப்பட வேணாம், தினம் புல்ல தேடுதுன்னா காமிங்க.

ஒரு தடவ எடுத்துட்டு தெம்பா இருக்கிற பெரிய நாய்க்கு சில மணி நேரம் சாப்பாடு குடுக்காம, தண்ணிய மட்டும் கொஞ்சம் கொஞ்சமா வெச்சு, அப்புறம் தோலும் எலும்பும் இல்லாத வேகவெச்ச சிக்கனும் குழைய வெந்த சாதமும் உப்பு மசாலா இல்லாம சின்னச் சின்ன அளவா குடுத்துப் பாக்கலாம். குட்டிய பட்டினி போடாதீங்க. குடிச்ச தண்ணி கூட தங்கலன்னா, ரத்தம் வந்தா, காபி டிகாக்‌ஷன் அடியில தங்கற தூள் மாதிரி வந்தா, வீட்ல யோசிச்சிட்டு இருக்க வேணாம். கொழுப்பா ஏதோ தின்ன மறுநாள் வாந்தியோட முன்னங்கால நீட்டி பின்பக்கத்த மட்டும் தூக்கி கும்பிடற மாதிரி நிக்குதுன்னா வயித்து வலி, கணையம் வீங்கியிருக்கலாம்.

எது தின்னுச்சுன்னு கண்டிப்பா தேடுங்க. சாக்லேட் (கருப்பா கசப்பா இருக்க இருக்க ஆபத்து அதிகம்), திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு, மக்கடமியா பருப்பு, சர்க்கரை இல்லாத சூயிங்கம்ல போடற சைலிட்டால், இது எல்லாமே நாய்க்கு விஷம். சைலிட்டால் அரை மணி நேரத்துலயே சர்க்கரைய இறக்கி விட்டுடும். வெங்காயம் அதுக்கு நேர் எதிர், ரத்த சிவப்பணுவ உடைக்கறதால ரெண்டு மூணு நாள் கழிச்சுதான் சோர்வும் வெளுப்பும் தெரியும், அதனால "தின்னுச்சு, ஒண்ணும் ஆகலையே"ன்னு முதல் நாள்ல நிம்மதியாகாதீங்க. உப்புத் தண்ணி ஊத்தி வாந்தி எடுக்க வெக்கிற பழக்கம் இருக்கு பாருங்க, தயவுசெஞ்சு வேணாம், அந்த உப்பே ஆள கவுத்துடும். கவர், மாத்திரை அட்டை, மிச்சம் எது இருந்தாலும் கையோட எடுத்துட்டு போங்க.

லூஸ் மோஷன்

இதுல கொஞ்சம் அருவருப்பா இருந்தாலும் குனிஞ்சு பாத்துதான் ஆகணும். கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி போகுது, முக்குது, சளி மாதிரி வழவழன்னு இருக்கு, கடைசில சிவப்பா ரத்தக் கோடுன்னா பெருங்குடல் பக்கம் எரிச்சல். நிறைய அளவா தண்ணியா போகுது, எடை குறையுதுன்னா சிறுகுடல். தார் மாதிரி கருப்பா பிசுபிசுன்னு போனா மேல எங்கயோ ரத்தம் கசிஞ்சு ஜீரணமாகி வருது, அத சாதாரணமா எடுத்துக்காதீங்க.

பெரிய நாய், ஒரு நாளா லூஸா போகுது, ஆனா ஆக்டிவா இருக்குதுன்னா மேல சொன்ன சாதம் சிக்கன் போதும். புது பாக்கெட் சாப்பாட்டுக்கு ஒரே நாள்ல மாத்துனீங்களான்னு யோசிங்க, ஏழு நாள் எடுத்து பழசோட கலந்து கலந்து மாத்தணும். பால் குடுத்தீங்களா? நிறைய நாய்ங்களுக்கு வளந்தப்புறம் பால் ஒத்துக்காது. மனுஷங்களுக்கு பேதி நிக்க போடற மாத்திரைய நாய்க்கு போடாதீங்க, காலி (Collie)ங்கிற ஆடு மேய்க்கிற நாய் மாதிரி சில சாதிக்கு அதுல இருக்கிற மருந்து மூளைக்கே போயிடும்.

தண்ணி வத்திடுச்சான்னு பாக்க தோள்பட்டைக்கு மேல தோல கிள்ளித் தூக்கி விடுங்க. டக்குன்னு பழைய இடத்துக்கு போகணும், மெதுவா இறங்கினா நீர் குறைஞ்சிருக்கு. வயசான நாய்க்கு தோல் எப்பவுமே தொளதொளன்னுதான் இருக்கும், அதுக்கு ஈறு பிசுபிசுன்னு காஞ்சிருக்கான்னு பாக்கறதுதான் சரி.

குட்டிக்கு, அதுவும் ஊசி போட்டு முடிக்காத குட்டிக்கு, வாந்தியும் நாத்தமடிக்கிற ரத்த பேதியும் சேந்து வந்தா பார்வோ வைரஸ்னு வெச்சுக்கிட்டு ஓடுங்க. வீட்டு வைத்தியம் பாக்கற ஒவ்வொரு மணி நேரமும் குட்டிக்கு நஷ்டம், ட்ரிப்ஸ் ஏறினாத்தான் பொழைக்கும். இந்த வைரஸ் தரையில மாசக்கணக்குல உயிரோட இருக்கும், சானிட்டைசர்ல சாகாது. தரைய நல்லா கழுவிட்டு 30 பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு ப்ளீச் கலந்து பத்து நிமிஷம் ஊற விடணும். "ஒரு ஊசி போட்டாச்சே"ன்னு சொல்றவங்களுக்கு: தாய்கிட்டேருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஊசிய வேலை செய்ய விடாம தடுக்கும், அது எந்த வாரம் குறையும்னு ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு கணக்கு, அதனாலதான் 6, 8 வாரத்துல ஆரம்பிச்சு 16 வாரம் ஆகிற வரைக்கும் திரும்பத் திரும்ப போடறாங்க. நடுவுல விட்டா போட்டதும் வீண்.

சொறிஞ்சுக்கிட்டே இருக்கு

இதுலதான் ஆளாளுக்கு எண்ணெய், பவுடர், சோப்புன்னு மாத்தி மாத்தி தடவி ஒரு வருஷத்த ஓட்டுவாங்க. நானும் ஓட்டினேன். எங்க சொறியுதுன்னு பாத்தாலே முக்கால்வாசி தெரிஞ்சிடும், தடவறத நிறுத்திட்டு ரெண்டு நாள் சும்மா பாருங்க.

வாலு ஆரம்பிக்கிற இடம், இடுப்பு, பின்தொடைன்னா தெள்ளுப்பூச்சி. பூச்சியே கண்ணுல படலயேன்னு சொல்லாதீங்க, ஒரு வெள்ளை டிஷ்யூவ நனைச்சு விரிச்சு அது மேல நாயோட முடிய சீப்பால வாருங்க. மிளகுத்தூள் மாதிரி விழும். கொஞ்ச நேரத்துல அந்தத் தூளச் சுத்தி செங்கல் கலர்ல கசிஞ்சா அது பூச்சியோட எச்சம், உள்ள இருக்கிறது உங்க நாயோட ரத்தம். கலர் மாறலன்னா வெறும் மண்ணு. நாய் மேல இருக்கிற பூச்சி மொத்தத்துல ஒரு சின்னப் பங்குதான், மிச்சம் முட்டையாவும் புழுவாவும் கூடாவும் படுக்கையில, சோபா இடுக்குல, கட்டிலுக்கு அடியில இருக்கும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுட்டு "மருந்து வேலை செய்யல"ன்னு சொல்றது இதனாலதான், வீட்ல இருக்கிற எல்லா மிருகத்துக்கும் சேத்து குறைஞ்சது மூணு மாசம் விடாம போடணும், விரிப்ப வெந்நீர்ல துவைக்கணும். வீட்ல பூனையும் இருந்தா நாய்க்கு ஊத்தற மருந்துல பர்மெத்ரின் இருக்கான்னு பாருங்க, பூனைக்கு அது எமன்.

காது ஓரம், முழங்கை, பின்னங்கால் முட்டி, அதுவும் ராத்திரி தூங்கவிடாத அளவுக்கு அரிப்புன்னா சொறி உண்ணி. ஒரு டெஸ்ட்: காது மடல் ஓரத்த ரெண்டு விரலால தேய்ங்க, பின்னங்கால் தானா சொறியற மாதிரி ஆடிச்சுன்னா சந்தேகம் பலமாகுது. உங்க கையிலயும் வயித்துலயும் சின்னச் சின்னதா தடிச்சு அரிக்குதுன்னா கிட்டத்தட்ட உறுதி. இதுக்கு நேர் மாறா, குட்டிக்கு கண்ணச் சுத்தியும் வாயோரத்துலயும் அரிப்பே இல்லாம முடி கொட்டினா அது வேற உண்ணி, பரவாது. ரெண்டையும் தோல சுரண்டி மைக்ராஸ்கோப்ல பாத்தாத்தான் பிரிக்க முடியும், அஞ்சு நிமிஷ வேலை. ஐவர்மெக்டின நீங்களா வாங்கி போடாதீங்க, மேல சொன்ன காலி சாதிக்கு அதுவும் ஆகாது.

பாதத்த நக்கிக்கிட்டே இருக்கு, வெள்ளை நாயா இருந்தா பாத முடி துரு கலரா மாறிடுச்சு, கூடவே வயிறு, அக்குள், காது சிவப்புன்னா அலர்ஜி. காத்துல வர்ற தூசி, மகரந்தம்னா சில மாசம் அதிகமா இருக்கும், வருஷம் பூரா ஒரே மாதிரின்னா சாப்பாட்டயும் சந்தேகப்படலாம். சாப்பாட்டு அலர்ஜிய ரத்த டெஸ்ட்ல நம்பி கண்டுபிடிக்க முடியாது, டாக்டர் சொல்ற ஒரே ஒரு புது வகை சாப்பாட்ட எட்டு வாரம் குடுத்துப் பாக்கறது மட்டும்தான் வழி. அந்த எட்டு வாரத்துல யாராவது பாசத்துல ஒரு பிஸ்கட் குடுத்தா கணக்கு முதல்லேருந்து. வீட்ல பெரியவங்க இருந்தா இதுதான் ரொம்ப கஷ்டமான பார்ட்.

அப்புறம் உண்ணி. தினமும் ஒரு தடவ விரல் இடுக்கு, காது மடிப்பு, காலருக்கு அடி, அக்குள், கண் இமை, வாலுக்கு அடி, இந்த ஆறு எடத்த தடவுங்க. கிடைச்சா சின்ன ட்வீசரால தோலோட ஒட்டி பிடிச்சு, நிதானமா நேரா இழுங்க. திருகாதீங்க, நெருப்பு வெக்காதீங்க, மண்ணெண்ணெய் ஊத்தாதீங்க. எடுத்தத நகத்துல நசுக்காம ஸ்பிரிட்ல போடுங்க. இழுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, கால் இருக்கான்னு பாருங்க. சிரிக்காதீங்க, உண்ணின்னு நினைச்சு முலைக்காம்ப பிடிச்சு இழுக்கறவங்க நிறைய பேர், ஆண் நாய்க்கும் ரெண்டு வரிசை காம்பு உண்டு.

உண்ணி கடிச்சு ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு காய்ச்சல், சோர்வு, சாப்பிடாம இருக்கறது, மூக்குல ரத்தம், வயித்துலயோ ஈறுலயோ குண்டூசி குத்தின மாதிரி சிவப்புப் புள்ளி, காபி கலர்ல உச்சான்னு வந்தா ரத்தத்துல கிருமி. நல்ல விஷயம், ரத்த டெஸ்ட் எடுத்து சீக்கிரம் ஆரம்பிச்சா மருந்து கேக்கும். அந்தக் கிருமி எர்லிக்கியான்னு சொன்னா டாக்ஸிசைக்ளின் மாத்திரைய வழக்கமா 28 நாள் எழுதுவாங்க. நாலாவது நாள் நாய் குதிச்சு விளையாடும், அப்பத்தான் எல்லாரும் மாத்திரைய நிறுத்துவாங்க, நிறுத்தாதீங்க.

குளியல் பத்தி ஒரு வரி: நம்ம ஷாம்பு நம்ம தோலோட அமிலத்தன்மைக்கு ஏத்த மாதிரி செஞ்சது, நாய்த் தோலுக்கு ஒத்துவராது, நாய் ஷாம்பு போட்டு நல்லா அலசி, அதவிட முக்கியமா அடி முடி வரைக்கும் காய வைங்க.

தலைய உதறுது, காது நாத்தம்

போன வருஷம் கருப்பி இடது காத உதறிக்கிட்டே இருந்தா. ஒரு வாரம் தினமும் பட்ஸ் விட்டு சுத்தம் பண்ணேன், பட்ஸ்ல பழுப்பா அழுக்கு வரும், நல்லா க்ளீன் பண்றோம்னு ஒரு திருப்தி வேற. எட்டாவது நாள் தலைய ஒரு பக்கமா சாச்சுக்கிட்டு நடக்க ஆரம்பிச்சா. டாக்டர் காதுக்குள்ள பாக்கற குழாய் வெச்ச லைட்ட விட்டு பாத்துட்டு நீளமான கிடுக்கிய மெதுவா உள்ள விட்டு, ஒரு புல் விதைய எடுத்து என் உள்ளங்கையில வெச்சார், ஒரு பக்கம் கூரா, இன்னொரு பக்கம் முள்ளு முள்ளா. நாயோட காதுக்குழாய் முதல்ல கீழ இறங்கி அப்புறம் உள்பக்கமா திரும்பும், நம்ம மாதிரி நேரா இருக்காது, அதனால பட்ஸ் விட்டா அழுக்கு வெளிய வர்றத விட உள்ள தள்றதுதான் அதிகம். வெளிய போய் வந்த பத்து நிமிஷத்துல ஒரு காது மட்டும் திடீர்னு உதறுதுன்னா விதையோ பூச்சியோதான் என் முதல் சந்தேகம் இப்பல்லாம்.

ரெண்டு காதும் மெதுமெதுவா நாறுது, பழுப்பா கிரீஸ் மாதிரின்னா ஈஸ்ட்ங்கிற பூஞ்சை. மஞ்சளா பச்சையா சீழ் மாதிரி, தொட விடாதுன்னா பாக்டீரியா. காபித்தூள் மாதிரி வறண்டு கருப்பா, அதுவும் குட்டின்னா காதுப் பூச்சி. மூணுக்கும் மருந்து வேற. போன தடவ குடுத்த சொட்டு மருந்து மிச்சம் இருக்குன்னு அத ஊத்தாதீங்க, செவிப்பறை ஓட்டையா இருந்தா சில மருந்து காது கேக்காமலே பண்ணிடும்.

நல்ல காத சுத்தம் பண்ணணும்னா காது க்ளீனர ஊத்தி, காதுக்கு அடியில இருக்கிற குருத்தெலும்ப அரை நிமிஷம் பிசைங்க, சளக் சளக்னு சத்தம் வரும், அப்புறம் விட்டுடுங்க, அதுவே உதறி வெளிய தள்ளும், நீங்க தள்ளி நில்லுங்க. கண்ணுக்குத் தெரியற இடத்த மட்டும் பஞ்சால துடைங்க. திரும்பத் திரும்ப காது வந்தா பிரச்சினை காதுல இல்ல, பெரும்பாலும் அடியில அலர்ஜி இருக்கும்.

பின்பக்கத்த தரையில தேய்க்குது

எல்லாரும் உடனே பூச்சி மருந்த குடுப்பாங்க. ஆசனவாய்க்கு ரெண்டு பக்கமும் நாலு மணி, எட்டு மணி இருக்கிற இடத்துல ரெண்டு சுரப்பி இருக்கு, அது அடைச்சுக்கிட்டாலும் இதே மாதிரிதான் தேய்க்கும், மீன் நாத்தம் அடிக்கும். டாக்டர் அமுக்கி எடுத்துடுவார். ஒரு பக்கம் வீங்கி சிவந்திருந்தா கட்டியாயிடுச்சு, நீங்க அமுக்காதீங்க. வாலுக்கு அடியிலயோ படுக்கையிலயோ காஞ்ச அரிசி மாதிரி, சில சமயம் நெளிஞ்சுக்கிட்டு, ஏதாவது இருந்தா நாடாப்புழு. அது தெள்ளுப்பூச்சிய முழுங்கறதால வர்றது, அதனால புழு மருந்த மட்டும் குடுத்து பூச்சிய விட்டா அடுத்த மாசம் திரும்ப வரும்.

வாய் நாத்தம்

"நாய்னா வாய் நாறத்தான் செய்யும்"ங்கிறது பொய். ஈறோரம் சிவப்புக் கோடு, பல்லடியில பழுப்பு கல்லுன்னா ஈறு நோய், மூணு வயசுக்குள்ளயே நிறைய நாய்க்கு ஆரம்பிச்சிடும். தினமும் பிரஷ் பண்ணணும், வெளிப்பக்கம் மட்டும் பண்ணாலே போதும். நம்ம பேஸ்ட் வேணாம், நாய் துப்பாது, முழுங்கிடும், சிலதுல சைலிட்டாலும் இருக்கும். கடிக்க குடுக்கறத கட்ட விரல் நகத்தால அழுத்திப் பாருங்க, நகம் பதியலன்னா அது பல்ல உடைக்கும். கண்ணுக்குக் கீழ திடீர்னு வீங்கினா கண் டாக்டர தேடாதீங்க, மேல இருக்கிற பெரிய கடைவாய்ப் பல்லோட வேர்ல சீழ் பிடிச்சாலும் அங்கதான் வீங்கும். இனிப்பா பழ வாசனை, இல்லன்னா அமோனியா வாசனை வந்தா சர்க்கரையும் கிட்னியும் டெஸ்ட் பண்ணணும்.

நொண்டுது

மேலேருந்து பாக்காதீங்க, கீழேருந்து வாங்க. பாதம், விரல் இடுக்கு, நகம். ஒட்டுண நகம் ஒண்ணு உள்பக்கம் மேல இருக்கும் பாருங்க, அது தரையில தேயாததால வட்டமா வளஞ்சு சதையிலயே குத்தும். பாதத்துல ஒண்ணும் இல்லன்னா ரெண்டு நாள் ஓட்டம், மாடிப்படி, சோபா ஏறறது எல்லாம் கட். கால ஊனவே இல்லன்னா ரெண்டு நாள் கூட காத்திருக்க வேணாம். சின்ன நாய் நாலு அடி நொண்டி, தாவி, திரும்ப ஒண்ணும் நடக்காத மாதிரி போச்சுன்னா முட்டிச்சில்லு நழுவுது. பெரிய நாய் ஓடிட்டு இருக்கும்போதே கீச்னு கத்தி பின்னங்கால தூக்கிடுச்சுன்னா முட்டி ஜவ்வு.

வலிக்குதேன்னு பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் குடுக்காதீங்க. கல்லீரல், வயிறு, கிட்னின்னு ஒண்ணொண்ணா அடி வாங்கும், அப்புறம் நொண்டறதுதான் பிரச்சினைல சின்னது.

இருமல்

வாத்து கத்தற மாதிரி இருமி கடைசில வெள்ளையா நுரை கக்கினா, எல்லாரும் எலும்பு மாட்டிடுச்சுன்னு நினைப்பாங்க, பெரும்பாலும் கென்னல் காஃப்ங்கிற தொத்து இருமல், மத்த நாய்ங்களோட இருந்துட்டு வந்த சில நாள்ல வரும். காலர கழட்டிட்டு ஹார்னஸ் போடுங்க, மத்த நாய்கிட்ட விடாதீங்க, தெம்பா இருந்தா ஒண்ணு ரெண்டு வாரத்துல அடங்கும். கழுத்த நீட்டி மூக்கால உள்பக்கமா கர் கர்ருன்னு இழுத்து அரை நிமிஷத்துல நார்மல் ஆயிட்டா அது ரிவர்ஸ் தும்மல், பாக்கத்தான் பயமா இருக்கும். வயசான நாய் ராத்திரி படுத்ததும் இருமுதுன்னா தூங்கும்போது மூச்ச எண்ணுங்க, 30க்கு மேல திரும்பத் திரும்ப வந்தா இதயம், அன்னிக்கே காமிங்க.

ஒரு விஷயத்துல விளையாடாதீங்க. ஊசி போடாத நாய், குரல் மாறிடுச்சு, தாடை தொங்குது, எச்சி ஒழுகுது, முழுங்க முடியலன்னா எலும்ப எடுக்கறேன்னு வாய்க்குள்ள கை விடாதீங்க, வெறிநோயும் அப்படித்தான் தெரியும். கடியோ எச்சியோ பட்டிருந்தா சோப்பு போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு நேரா உங்களுக்கு ஊசி போடற இடத்துக்கு போங்க.

தண்ணி ரொம்ப குடிக்குது

அளந்து ஊத்தி 24 மணி நேரம் கழிச்சு மிச்சத்த அளங்க. ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல குடிச்சா அது வெயில் மட்டும் இல்ல: சர்க்கரை, கிட்னி, ஹார்மோன்னு தேடணும். காலைல முதல் உச்சாவ சுத்தமான டப்பால பிடிச்சு எடுத்துட்டு போனா பாதி வேலை முடிஞ்சுது. அடிக்கடி சொட்டு சொட்டா போனா சிறுநீர்ப் பையில இன்ஃபெக்‌ஷன் இல்ல கல்லு. கருத்தடை பண்ணாத பெண் நாய், ஹீட் (இணை சேர்ற பருவம்) முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசம் ஆச்சு, தண்ணி அதிகம் குடிக்குது, டல்லா இருக்கு, வயிறு லேசா பெருசா இருக்குன்னா கர்ப்பப்பையில சீழ். கர்ப்பப்பை வாய் மூடியிருந்தா சீழ் வெளிய ஒண்ணும் வராது, அதுதான் அதிக ஆபத்து. அன்னிக்கே ஸ்கேன்.

வெயில், வலிப்பு

மூச்சு இரைக்கறது நிக்கல, எச்சி கெட்டியாயிடுச்சு, தள்ளாடுது, நாக்கு செங்கருஞ்சிவப்புன்னா முதல்ல அங்கயே குளிர வைங்க, அப்புறம் வண்டியில ஏத்துங்க. சாதாரண குழாய்த் தண்ணிய உடம்பு பூரா ஊத்திக்கிட்டே ஃபேன் போடுங்க. ஈரத்துண்ட போத்தி விட்டுடாதீங்க, கொஞ்ச நேரத்துல துண்டே சூடாகி உள்ள வெப்பத்த பிடிச்சு வெச்சுக்கும். சப்ப மூக்கு நாய்ங்களுக்கு இது நிழல்லயே கூட வரும்.

வலிப்பு வந்தா மணிய பாருங்க, சுத்தி இருக்கிற நாற்காலிய நகத்துங்க, லைட்ட அணைங்க, வாய்ப்பக்கம் கை போக வேணாம், நாய் நாக்க முழுங்காது. அஞ்சு நிமிஷத்த தாண்டினாலோ ஒரே நாள்ல ரெண்டாவது தடவ வந்தாலோ கிளம்புங்க.

டாக்டர்கிட்ட போறப்ப

வீட்ல நொண்டின நாய் டாக்டர் ரூம்ல வாசன பட்டதும் நாலு காலும் ஊனி அழகா நடக்கும், இருமின நாய் கம்முன்னு உக்காந்திருக்கும், இது எனக்கு மூணு தடவ நடந்திருக்கு. அதனால நொண்டறத, இருமறத, உதறறத, வலிப்ப கூட, போன்ல அரை நிமிஷம் வீடியோ எடுங்க. மோஷன் பிரச்சினைன்னா அன்னிக்கு காலைல போனதுல கொஞ்சம் டப்பால போடுங்க. என்ன மாத்திரை ஏற்கனவே குடுத்தீங்களோ அத மறைக்காதீங்க, திட்டினாலும் வாங்கிக்கோங்க. அப்புறம் முதல்ல குறிச்சு வெச்சீங்களே நார்மல் எடை, மூச்சு கணக்கு, அத எடுத்து நீட்டுங்க. கருப்பிக்கு போன தடவ "எடை குறைஞ்சிருக்கா"ன்னு கேட்டப்ப நான் போன பாத்து 14.2 இருந்தது இப்ப 12.9ன்னு சொன்னேன், அவர் பேனாவ கீழ வெச்சுட்டு ரத்த டெஸ்ட் சீட்ட எடுத்தார்.